வாய் திறந்த பறவைகள்

ஜனவரி 6, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருப்பார்கள். நான் போகவில்லை. இனிமேல் போக வேண்டியதும் இல்லை. முப்பது வருடம் கணக்கு நடத்திய ரூபவதி டீச்சர், ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே தானாக எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று பாளையங்கோட்டையில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் முணுமுணுப்பு. எத்தனை தடவைதான் "சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லு" என்று கத்துவது?

காலையில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. குக்கரில் விசில் சரியாக வருவதில்லை. வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

வீட்டில் செய்ய வேலை இல்லாததால் ஷெரினின் அலமாரியை ஒழித்தேன். கல்யாணமாகிப் புனேவுக்குப் போகும்போது அவள் விட்டுவிட்டுப் போனதெல்லாம் அப்படியே கிடக்கிறது. துப்பட்டாக்களுக்கு அடியில் அவளுடைய கேமரா. முதல் சம்பளத்தில் வாங்கியது. அன்றைக்கு அவளோடு சண்டை போட்டேன். அவள் அப்பா இருந்தவரை மகள் பக்கம்தான் பேசுவார், நான்தான் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பேன்.

ஜங்ஷனில் பழைய கேமரா வாங்குகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை.

"இப்படியே வித்தா ஒண்ணும் தேறாது மேடம். கிளீன் பண்ணித் தாரேன், நீங்களே வச்சிக்கிடுங்க. நல்ல பொருளு."

துடைத்து முடித்ததும் என் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்தார். "ஷட்டர் சத்தத்தக் கேட்டீங்களா? புதுசு மாதிரி இருக்கு."

ஆமாம், நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சர்ச்சில் புதிதாக வந்திருக்கும் போதகரும் முணுமுணுக்கிறவர்தான். மைக் இருந்து என்ன பயன்? சங்கீதம் எந்த அதிகாரம் என்று பக்கத்து அம்மாளின் வேதாகமத்தை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஷெரின் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். கேமரா விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய வீட்டுப் பக்கம் டவர் சரியில்லை. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது. கடைசியில் வழக்கம்போல, ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விடுமுறை. தெருவே கோலமும் கரும்புமாகக் கிடக்கிறது. நான் மொட்டை மாடியில் இருந்தேன்.

பக்கத்து வீட்டு முருங்கை பூத்திருக்கிறது. அதற்கு ஒரு தேன்சிட்டு வருகிறது. வெயில் படும்போது கருநீலமாக மின்னுகிறது, திரும்பினால் வெறும் கறுப்பு. காலை முழுக்க அதைப் படம்பிடிக்கப் பார்த்தேன். வந்ததெல்லாம் முருங்கை இலை. அல்லது பறந்துபோன பறவையின் வால். அல்லது ஏதோ கறுப்புத் தீற்றல்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். லென்ஸின் துளையைக் குறிக்கிற எண்கள் 4, 5.6, 8, 11, 16 என்று போகின்றன. ஏன் இப்படிக் கோணல்மாணலாக என்று யோசித்தேன். ஒவ்வொன்றும் முந்தையதன் √2 மடங்கு! துளையின் பரப்பு ஒவ்வொரு தடவையும் பாதியாகிறது. வட்டத்தின் பரப்பு நடத்தும்போது இதை மட்டும் காட்டியிருந்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். முப்பது வருடம் எனக்கு இது தெரியாமல் போயிற்று. சொல்வதற்கு ஆள் இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஷெரின் இன்று வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள். பிரின்ஸ் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தது. மாப்பிள்ளைக்கு வேலையில் உயர்வு ஏதாவது இருக்கும். லைன் மோசம். நான் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டேன். நடுவில் "நல்லது, நல்லது" என்றேன். முடிவில் அதே கேள்வி, "...ட்டுமா?" என்று. நானும் அதே பதில்: "ஒண்ணும் வேண்டாம்மா. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நீ உன் வீட்டப் பாத்துக்கோ."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் பார்த்தால் போன் அணைந்திருந்தது.

தேன்சிட்டு இன்று ஒரே ஒரு படத்தில் சிக்கியது. கண் துல்லியமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் மங்கினாலும் படம் நிற்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. ஷெரினும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த வாரமும் இல்லை. "வேலை அதிகமா?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். "ஆமா" என்று ஒரு சொல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலனிக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கு முதல் தடவை கேமராவோடு போனேன். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் கரையேறிப் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர் இன்னும் கிடக்கிறது. நாமக்கோழிகள் கறுப்புக் கறுப்பாக மிதக்கின்றன, நெற்றியில் வெள்ளை நாமம். கரையோரம் ஒரு வெண்கொக்கு, ஒரு காலை எடுத்து வைப்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு காபி போட்டுவிடுவேன்.

நிற்கும்போது பறவை படத்தில் சின்னதாக, கீழே கிடக்கிற சாமான் மாதிரி வந்தது. யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு சேலையோடு சரிந்து தரையில் படுத்தேன். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. கொக்கு ஒரு ஆள் உயரத்துக்கு எதிரே நின்றது. பின்னால் தண்ணீர் வெறும் பச்சை வெளிச்சமாகக் கரைந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். பித்தான் விரலுக்குள் நடுங்குவது மட்டும் தெரிந்தது.

இங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பதில் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறும்வரை கிடந்தேன். சேலையெல்லாம் சேறு. துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 8, சனி

பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது கேமரா தோளில் இருந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் பரக்கத் நிஷா எட்டிப் பார்த்தாள். மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். நேருக்கு நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள். அதனால்தான் இந்தக் கடைக்கு வருகிறேன்.

"டீச்சர், நீங்க போட்டோ எடுப்பீங்களா? சொல்லவே இல்லியே! நானும் முத்தரசு சாரும் ஞாயித்துக்கிழம காலைல பறவ பாக்கப் போவோம். பேங்க்ல இருக்காவள்லா, அந்த சாரு. நீங்களும் வாங்க. எட்டரைக்குள்ள திரும்பிரலாம், உங்க சர்ச்சுக்கும் போயிரலாம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போனேன். வயல்காட்டுப் பக்கம். நிஷாவின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போனது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

பறவை பார்க்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. கையால் காட்டுகிறார்கள். இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே, பிறகு மரத்துக்கு நேரே. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒரு அரசமரத்தடியில் இருவரும் நின்று தலையைச் சாய்த்தார்கள். நிஷா விரலால் காற்றில் தட்டினாள், டொக் டொக் டொக் என்று. "குக்குறுவான்," என்று வாயசைத்தாள். நானும் தலையைச் சாய்த்து நின்றேன். தலையை ஆட்டினேன்.

இங்கே பறவைகள் பொதுவாக அமைதியானவை.

ஷெரின் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மீன்கொத்தி சிக்கியது! மீனை வாயில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. அலகின் சிவப்பும் மீனின் வெள்ளியும். ஷெரினுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள், நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

கொக்கையும் அனுப்பினேன். நீலக் குறி.

கேமரா அவளுடையது என்பதால் கோபமாக இருக்குமோ? "உனக்கு வேண்டுமென்றால் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்" என்று எழுதினேன். "வேண்டாம்மா. நீ வச்சுக்கோ" என்று வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் குரல் தெரிவதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்குப் போனோம். ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு மரத்தில் ஒரு குடித்தனம் இல்லை, ஒரு தெருவே இருக்கிறது. குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாயைப் பிளக்கின்றன. தாய் தொண்டையிலிருந்து மீனைக் கக்கிப் போடுகிறது. அடியில் வீட்டுக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறார்கள்.

நிஷா என் முன்னால் வந்து நின்று சொன்னாள்: "பெரிய நாரைக்குக் கொரலே கெடையாது டீச்சர். குஞ்சுலதான் கத்தும். பெருசாயிட்டா அலகத் தட்டிக் காட்டும், அவ்வளவுதான்."

"அப்போ எப்படிப் பேசிக்கிடும்?" என்று கேட்டேன்.

"அதான் தலையத் தூக்கும், குனியும், ரெக்கைய விரிக்கும். அதுக்குப் புரிஞ்சா போதும்லா."

நான் எடுத்த படங்களிலேயே நல்லவை இன்றைக்கு எடுத்தவை. கட்டுச்சோற்றை வேப்பமரத்தடியில் சாப்பிட்டோம். நிஷாவும் முத்தரசு சாரும் என்னென்னவோ பேசிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோது உள்ளே இருந்த இருட்டு என்னவோ செய்தது. ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

தபசு காலம் ஆரம்பம், ஈஸ்டர் வரை. ஒருவேளைச் சாப்பாடு. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி அழைப்பு மணியைக் காட்டினேன். அவன் பித்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். வேலை தெரியாதவன்.

மார்ச் 12, புதன்

என்ன வந்தாலும் வரட்டும் என்று நானே ஷெரினைக் கூப்பிட்டேன். எடுத்தாள். சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், வெயில் ஆரம்பித்துவிட்டது என்று வரிசையாகச் சொன்னேன். ஏதோ சொன்னாள். "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான். அவள் எங்கே இருந்து பேசினாள் என்றுகூடத் தெரியவில்லை. நிறையப் பேர் பேசுகிற மாதிரி ஒரு இரைச்சல் பின்னால் இருந்தது. ஆபீஸாக இருக்கும்.

பெற்று வளர்த்த பிள்ளைக்கு என்னிடம் பேச ஐந்து நிமிடம் இல்லை. அப்பா இருந்தால் அவரிடம் பேசியிருப்பாள்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

குளம் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். காய்ந்த தரையில் மூன்று பேரும் பிரிந்து நடந்தோம். ஒரு ஆட்காட்டிக் குருவி எனக்கு முன்னால் ஓடிற்று, மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. நல்ல வெளிச்சம். அதையே பார்த்துக்கொண்டு கேமராவைத் தூக்கியபடி நடந்தேன். அது எழும்பி என் தலைக்கு மேலே வட்டமிட்டது. பறக்கும்போது வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை எடுத்தேன். இன்னும் இரண்டு அடி வைத்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். விழப்போனேன். நிஷா. ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முத்தரசு சார் தூரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றார்.

நிஷா என் கால்பக்கம் காட்டினாள். என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால், வெறும் கூழாங்கற்களுக்கு நடுவே, மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக நாலு முட்டைகள்.

"அங்கேருந்து கத்துதேன், 'டீச்சர் நில்லுங்க, டீச்சர் நில்லுங்க'ன்னு. சாரும் கத்துதாவ. தலைக்கு மேல இது வேற இந்தக் கத்து கத்துது. நீங்க பாட்டுக்குப் போறீங்க..."

அப்படியே நிறுத்திவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

"டீச்சர், உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது, படத்தில் கவனமாக இருந்துவிட்டேன் என்றேன். ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். சர்ச்சுக்குப் போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

மருந்துக்கடையை மாற்ற வேண்டும். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது.

மார்ச் 29, சனி

வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. கேமராவில் இருப்பதையெல்லாம் கணினியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கும் மைனா. வாயைத் திறந்திருக்கும் செம்போத்து, கழுத்து உப்பி, உடம்பே குலுங்குகிற மாதிரி. தேன்சிட்டு. மீன்கொத்தி. அரசமரத்துக் குக்குறுவான்கூட எப்படியோ விழுந்திருக்கிறது. பறவைகளும் மனுஷர் மாதிரிக் கொட்டாவி விடுகின்றன என்று ஒரு கோப்புக்கு "கொட்டாவி" என்றே பெயர் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நவம்பரில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனைக் கேள்வி கேட்டேன். எழுந்து நின்று வாயை அசைத்தான். நான், "சரி, உக்காரு" என்றேன். அடுத்தவனும் எழுந்து வாயை அசைத்தான். "சரி" என்றேன். மூன்றாவது ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள். அவள் எழுந்து நின்று ஒன்றும் செய்யாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வகுப்பு முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்தப் பையன்கள் குரலே எழுப்பவில்லை. வாயை மட்டும் அசைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். காரணம்: உடல்நிலை.

எனக்குக் காது கேட்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மதியம் சமையலறையில் இருந்தபோது பின்வாசலில் நிழல் தட்டியது. நிஷா, கையில் மாத்திரை உறையோடு.

"பெல்லடிச்சு அடிச்சு வெரல் வலிச்சுப் போச்சு. மாத்திர முடிஞ்சிருக்குமே, ஏன் கடைக்கு வரல?"

"பெல் ரிப்பேர்."

"பெல் ரிப்பேர் இல்ல டீச்சர். தெருமுக்கு வரைக்கும் கேக்குது." குக்கர் இருந்த அடுப்பைப் போய் அவளே அணைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி என் எதிரே உட்கார்ந்தாள். அதை அவள் வேண்டுமென்றே செய்தாள். "எத்தன நாளா?"

நான் அடுப்பு மேடையைத் துடைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷம் இருக்கும்," என்றேன். "கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இந்த ஒரு வருஷமா ரொம்ப மோசம்."

"மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவகூட போன்ல நல்லாத்தான் பேசுவேன்."

"எப்படிப் பேசுவீங்க?"

விளக்கினேன். கணக்குப் போட்டுக் காட்டுவதுபோல எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்க வேண்டும். ஷெரின் எப்போதும் ஒரே வரிசையில்தான் கேட்பாள். முதலில் சாப்பிட்டாயா. அடுத்தது மாத்திரை. பிறகு அவள் வேலையைப் பற்றி ஏதாவது சொல்வாள். அதற்கு ம் போட்டால் போதும். கடைசியில், ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முடிந்தது.

நிஷாவின் முகம் மாறியது. "டீச்சர், என்னைக்காவது ஒரு நா அவ வேற ஏதாவது கேட்டிருந்தா?"

ஜனவரி பத்தொன்பது. நெடுநேரம் பேசியது. பிரின்ஸ் பெயர். கடைசியில் அந்த "...ட்டுமா?"

"நிஷா, நீ எனக்காக ஒரு போன் பண்ணுவியா? பண்ணி, நான் கேக்கச் சொல்றதக் கேளு. அவ சொல்றத அப்படியே எனக்குச் சொல்லு. ஒண்ணையும் விட்டுராத."

அவள் பேசினாள். முதலில் தான் யாரென்று சொன்னாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு மெதுவாக: "உங்கம்மாவுக்குக் காது கேக்காதும்மா. ஒரு வருஷமா போன்ல ஒண்ணும் சரியா கேக்கல. தெரியாம பதில் சொல்லிருக்காவ." போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"கேளு நிஷா. ஜனவரி மாசம் என்ன கேட்டான்னு கேளு."

கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"'பிரின்ஸுக்கு வேற ஒரு பொண்ணோட தொடர்பு. கேட்டதுக்கு, நீ இருந்தா இரு, போனா போன்னு சொல்லிட்டாரு. அத அம்மாட்ட அன்னைக்குத்தான் சொன்னேன்'ங்கா."

நான் நல்லது, நல்லது என்று சொன்னேன். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"'கொஞ்ச நாள் அங்க வந்து உங்கூட இருக்கட்டுமான்னு கேட்டேன்'ங்கா." நிஷா நிறுத்தினாள்.

"சொல்லு."

"'வேண்டாம், நீ உன் வீட்டப் பாத்துக்கோன்னு அம்மா சொன்னா'ங்கா. இப்ப லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்காளாம் டீச்சர். பிப்ரவரியிலேர்ந்து."

நான் போனை வாங்கினேன். எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தும் பேசினேன். "ஷெரின், எனக்குக் கேக்கலம்மா. நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. வா. வந்துரு. எப்ப வேணாலும் வா." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது, நிஷா என் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

"வச்சிட்டாளா?"

நிஷா வாங்கிக் கேட்டாள். "இல்ல. லைன்லதான் இருக்கா. பேச மாட்டேங்கா."

குக்கரைத் திறந்தால் உள்ளே இருந்தது ஏற்கெனவே கரியாகியிருந்தது. நிஷா அவள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நிஷா கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்தாயிற்று. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் கை பித்தானை அழுத்துவதைப் பார்த்துத் தூக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். கை பெரும்பாலும் மடியிலேயே இருந்தது.

இரண்டு காதுக்கும் கருவி வேண்டும். முன்பே வந்திருக்கலாமே அம்மா என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

ஏப்ரல் 9, புதன்

கருவி மாட்டி முதல் நாள். உலகம் இத்தனை இரைச்சலா? பிளாஸ்டிக் பையைத் தொட்டால் தகரத்தைக் கிழிப்பதுபோல. காகம், குழாய், மின்விசிறி, என் செருப்பு, எல்லாம் ஒரே அளவில் மண்டைக்குள் வந்து விழுகின்றன. குளத்துக்குப் போனேன். பறவைச் சத்தத்தையும் லாரி ஹாரனையும் என்னால் பிரிக்க முடியவில்லை. தலைவலியோடு திரும்பிவிட்டேன். பழக நாளாகும் என்கிறார்கள்.

ஷெரின் வெள்ளிக்கிழமை சென்னை வழியாக நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறாள். மெசேஜில் ரயில் பெயரும் பெட்டி எண்ணும் மட்டும் இருந்தன.

அவள் அறையைக் கழுவிவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

நேற்றுக் காலை ஸ்டேஷனில் இறங்கினாள். மெலிந்துவிட்டாள். கழுத்து எலும்பு தெரிகிறது. என் காதுகளைப் பார்த்தாள். ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம் வரை தூங்கினாள். நான் வாசல் பக்கம் போகிறபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சமையலறைக்கு வந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன்.

"அத மாட்டினா கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. கரகரன்னு."

"ஒரு வருஷமா நான் யார்ட்டம்மா பேசிட்டு இருந்தேன்?" குரல் உயர்ந்தது. கருவியில் அது பிசிறடித்தது. "ஒவ்வொரு வாரமும் பேசினேன். பிரின்ஸோட மொதல்ல சண்ட வந்தப்பவே சொன்னேன். நீ ம் போட்ட. வீட்டுக்கு வர மாட்டேங்காருன்னு சொன்னேன். ம் போட்ட. அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னு நெனச்சேன். கடைசியில வரட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொன்ன. அப்புறம் கொக்குப் படம் அனுப்புத!"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சு," என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை. எவ்வளவு தேடினாலும் அது ஒன்றுதான்.

"எங்கிட்டயுமா?"

"உங்கிட்டத்தான் ரொம்ப."

அவள் அழுதாள். அழுகிற சத்தம் கருவிக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலக் கேட்டது. பக்கத்தில் போகலாமா, வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். போனேன். தள்ளிவிடவில்லை.

பிறகு சொன்னேன்: "அன்னைக்குச் சொன்னத இப்ப சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

"அதான் தெரிஞ்சிருச்சே. அந்த அக்கா சொன்னாங்கள்ல."

"அவ சொல்லிக் கேட்டது. நீ சொல்லி நான் கேக்கல."

அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். அப்புறம் ஆரம்பித்தாள். போன வருடம் மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நான் ஒரு இடத்திலும் ம் போடவில்லை. புரியாதபோது "என்ன?" என்று கேட்டேன். சில இடங்களில் இரண்டு தடவை கேட்டேன். சலித்துக்கொள்வாளோ என்று பார்த்தேன், சலித்துக்கொள்ளவில்லை.

ஒரு இடத்தில் அவள் குரல் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல, ஷெரின்," என்றேன்.

நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை மறுபடியும் சொன்னாள்.